பங்களாவுக்குப் பின்னால் நின்ற பஸ்

மருதை வீரசாமி எங்களுக்கு உறவில்லை. ஆனால் நான் பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பு, குண்டடிபட்டுக் கிடந்த என் அப்பாவைத் தன் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் பேச்சு வந்தால் அம்மாவின் குரல் தானாகத் தணியும். கோவிலில் அவரைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். நானும் அப்படித்தான் நிற்கப் பழகினேன்.

பாம்ப்ளமூஸ் எங்கள் தீவின் வடக்கே ஒரு சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பெரிய தாவரவியல் தோட்டம், கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், சீனர் கடைகள் நாலைந்து, ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் கோவில். அந்த ஊரிலிருந்து தலைநகர் போர்ட் லூயிக்கு மூன்று பஸ் விட்டவர் மருதை. கோவில் கமிட்டியில் முப்பது வருஷம் இருந்தவர். உயரமான, அகன்ற தோள்கொண்ட மனிதர். அப்படிப்பட்டவர் எந்தக் கூட்டத்திலும் சுவரோரமாகத்தான் உட்காருவார். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். தெருவில் போலீஸ் வண்டி வந்தால் எழுந்து நின்றுவிடுவார். வெளியே யார் வீட்டிலும் டீ குடிக்க மாட்டார். இதையெல்லாம் ஊர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. அது பயம் என்று எங்களுக்குத் தெரிய முப்பது வருஷமானது.

அவர் பிறந்தது வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில். தகப்பனார் மாட்டு வண்டியில் மில்லுக்குக் கரும்பு ஏற்றியவர். மருதை பதினாறு வயதில் தோட்டத்து மேனேஜரின் மோட்டார் காரைக் கழுவப் போய், அங்கேயே ஓட்டவும் கற்றுக்கொண்டார். பத்து வருஷத்துக்குப் பிறகு, 1936இல், பழைய அமெரிக்க லாரி ஒன்றின் சட்டத்தை வாங்கி அதன்மேல் மரத்தால் உடல் கட்டி பஸ்ஸாக்கினார். ‘எத்துவால் து நோர்’, அதாவது வடக்கின் நட்சத்திரம் என்று முகப்பில் மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்க வேண்டும். கூலி லயத்தில் பிறந்த ஒருவன் பஸ் முதலாளியானதை எங்கள் ஜனங்கள் தங்களுக்கே வந்த பதவி போலப் பார்த்தார்கள்.

ஓட்டுநராக க்ளெமான் என்ற, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் இளைஞனை வைத்துக்கொண்டார். க்ளெமான் அதிகம் பேச மாட்டான், வேலையில் சுத்தம். மருதையே சில நாள் ஓட்டுவார், சில நாள் டிக்கெட் கொடுப்பார். எங்கள் ஊரில் எல்லாரும் பேசுவது பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் மொழிதான். தமிழ் அங்கங்கே கலந்துவரும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் அவர்கள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

1937 ஆகஸ்ட் மாதம். கரும்பு வெட்டு. கூலி போதவில்லை என்று ஒரு பக்கம், சிறு விவசாயிகளின் கரும்புக்கு விலையைக் குறைத்துவிட்டார்கள் என்று இன்னொரு பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. தெற்கேயும் கிழக்கேயும் ஆட்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். சாலையில் கல்லை அடுக்கி லாரிகளை மறித்தார்கள். ஒரு நாள் ட்ரியோலே பக்கத்தில் மருதையின் பஸ்ஸையும் ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே யார் என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். புது பஸ். அது எரிந்தால் திரும்பவும் லயம்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் போலீஸ் அதிகாரி ஒருவர் பஸ் நிற்கும் கொல்லைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் பஸ்ஸைச் சுற்றி நடந்தார்.

“இருபது பேர் உட்காரலாமா?”

“உட்காரலாம், மிஸ்யே.”

“நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வேணும்.”

“எங்க போகணும்?”

“ஏறின பிறகு சொல்றேன்.”

“நாளைக்கு போர்ட் லூயிக்கு முதல் ட்ரிப் இருக்கு, மிஸ்யே. ஆளுங்க காத்துட்டிருப்பாங்க.”

அதிகாரி பஸ்ஸின் எண்பலகையைக் குனிந்து பார்த்தார். “உன் லைசென்ஸ் எந்த மாசம் புதுப்பிக்கணும்?”

“டிசம்பர்.”

“நல்லது,” என்றார் அதிகாரி. அவ்வளவுதான். போய்விட்டார்.

க்ளெமான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். எல்லாம் கேட்டிருந்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “மோ பா பு கோன்டிர், பத்ரோன்,” என்றான். நான் ஓட்ட மாட்டேன், முதலாளி.

“நான் இல்லைன்னு சொல்ல முடியுமா? நீயே சொல்லு.”

“எனக்குத் தெரியாது. போலீஸ் இந்த பஸ்ல போனா, திரும்பி வர்றப்போ யார் இதுல வருவாங்க? அதை யோசிங்க.”

மருதை அதை யோசிக்கவில்லை. டிசம்பரை யோசித்தார்.

மறுநாள் விடியுமுன் அவரே ஓட்டினார். இருபது போலீஸ்காரர்கள். பனிமூட்டத்தில் அவர்கள் ஏறும்போது துப்பாக்கிகளை எண்ணினார். பதினொன்று. முன்சீட்டில் உட்கார்ந்த இளம் கான்ஸ்டபிள் ஒருவன், “சும்மா பயமுறுத்தத்தான்,” என்றான், கேட்காமலே. அவன் முகத்திலும் பயம் இருந்தது. தோட்டம் எதுவென்று சாலை பிரியும் இடத்தில்தான் சொன்னார்கள். மருதை பிறந்த தோட்டமில்லை. ஆனால் அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கூட்டம் மில் வாசலில் இருந்தது. பஸ்ஸைக் கரும்புக்கு நடுவேயுள்ள பின்வழியாகக் கொண்டுபோய் மேனேஜர் பங்களாவுக்குப் பின்னால், புளிய மரத்தடியில் நிறுத்தச் சொன்னார்கள்.

வெளிச்சம் வந்தது. பங்களாவின் சமையல்காரன் தகரக் குவளைகளில் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தான். மருதைக்கும் ஒன்று. வாங்கிக் குடித்தார். சர்க்கரை அதிகம் போட்டிருந்தது என்று முப்பது வருஷம் கழித்து எங்களிடம் சொன்னார்.

எட்டு மணிக்கு மில் பக்கமிருந்து சத்தம் பெருகியது. தகரத்தில் கல் விழுந்தது. யாரோ பிரெஞ்சில் கத்தினார்கள். பிறகு வெடிச்சத்தம். ஏழு என்று எண்ணினார். எண்ணும்போது ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைப் புதைத்துக் குனிந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒரு நிமிஷம்தான் மோசம் என்றார். பிறகு பெண்களின் அழுகை. சமையல்காரன் ஓடிவந்து, “போ, போய்டு, இங்க நிக்காதே,” என்றான்.

வந்தவழியே திரும்பினார். பின்வழி பெரிய சாலையில் சேரும் இடத்தில் ஜனங்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸைப் பார்த்ததும் சாலை நடுவில் கையை விரித்து நின்றார்கள். தெரிந்துவிட்டது, இறக்கி அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். அவர்கள் அவரைக் கும்பிட்டார்கள். கடவுள் அனுப்பிய பஸ் என்றார்கள். காலை முதல் ட்ரிப் போகிற பஸ் என்றுதான் நினைத்தார்கள். கையில் குண்டு பட்ட ஒருவரையும், வயிற்றில் குண்டு பட்ட என் அப்பா ஆறுமுகத்தையும் பெஞ்சில் கிடத்தினார்கள். ஐந்து மாதக் கர்ப்பத்தோடு என் அம்மா பொன்னம்மா ஏறி அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வழியில் அப்பா தண்ணீர் கேட்டார். ஆற்றுப் பாலம் வந்தபோது, “அண்ணே, நிறுத்துங்க, ஒரு வாய் தண்ணி,” என்று அம்மா கெஞ்சினாள். மருதை நிறுத்தவில்லை. வயிற்றில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். “அண்ணனுக்கு அது தெரிஞ்சிருக்கு. என் அழுகையைப் பார்த்து மனசு இளகாம ஓட்டினாரே,” என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள்.

அப்பா மூன்றாம் நாள் போனார்.

மாஜிஸ்திரேட் முன்னால் விசாரணை நடந்தது. காயம்பட்டவர்களை ஏற்றிவந்தவர் என்று மருதையையும் கூப்பிட்டார்கள். “அந்த நேரத்தில் எப்படி அங்கே வந்தீர்கள்?” என்று கேட்டபோது அந்த அதிகாரி இரண்டாம் வரிசையில் மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். “முதல் ட்ரிப்புக்குப் போய்க்கிட்டிருந்தேன்,” என்றார். அதிகாரி தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியார் பஸ்ஸை மிரட்டி வாங்கியது வெளியே வருவதில் அவருக்கும் விருப்பமிருந்திருக்காது. வெளியே வந்ததும் மருதையின் தோளில் கை வைத்து, “நல்லாப் பேசினே,” என்றார். வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையைத் தன் கையாலேயே அடுப்பில் போட்டார் மருதை. மனைவி பூங்காவனம் ஏன் என்று கேட்டதற்கு ரத்தக் கறை என்றார்.

அதற்குப் பிறகு அவர் பஸ் ஓட்டவேயில்லை. கண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்.

ஊர் அவரைத் தூக்கிவைத்தது. போலீசுக்குப் பயப்படாமல் குண்டடிபட்டவர்களை ஏற்றியவர் என்று ட்ரியோலேவரை பேச்சு. அடுத்த வருஷமே கோவில் கமிட்டியில் சேர்த்தார்கள். பஸ் இரண்டானது, மூன்றானது. எத்தனை பேர் அவரைப் புகழ்ந்தார்களோ அத்தனை பேருக்கும் அவர் பயப்பட வேண்டியிருந்தது. அந்த இருபது போலீஸ்காரர்களில் யாராவது ஓய்வுபெற்று இந்தப் பக்கம் குடிவந்தால்? அந்தச் சமையல்காரன் ஒரு நாள் பஸ்ஸில் ஏறினால்? அதிகாரி ஐந்தாறு வருஷத்தில் தீவை விட்டே போய்விட்டார்; அந்தச் செய்தி வந்த அன்று மருதை கோவிலில் அபிஷேகம் செய்வித்தார். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை.

அம்மாதான் அவருக்குப் பெரிய பயம். அம்மா கீரையும் சௌசௌக்காயும் பயிரிட்டு, வாரம் மூன்று நாள் கூடையோடு அவருடைய பஸ்ஸில் போர்ட் லூயி மார்க்கெட்டுக்குப் போவாள். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட் அவளுக்கு. வருஷப் பிறப்பன்று தட்டில் பலகாரம் வைத்து என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவாள். பூங்காவனம் அத்தைதான் வாங்கிக்கொள்வார். மருதை மாமா கொல்லைப்பக்கம் போயிருப்பார். ஒரு தடவை நான் கொல்லைக்கு ஓடிப்போனேன். அங்கே வேலை எதுவும் செய்யாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று அழுதுவிட்டேன்.

அடுத்த பயம் க்ளெமான். உண்மை தெரிந்து ஊரிலேயே இருந்தவன் அவன் ஒருவன்தான். க்ளெமான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஜாடை காட்டியதுமில்லை. அதுதான் மருதையால் தாங்க முடியவில்லை. அவனைக் கடிந்து பேசியதில்லை, லேட்டாக வந்தால் கேட்டதில்லை. சனிக்கிழமை மத்தியானம் க்ளெமான் சாராயக் கடையில் உட்கார்ந்தால், மருதை எதிர்ப்பக்கத்து மரத்தடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நிற்பார். உள்ளே யாராவது உரக்கச் சிரித்தால் தாளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். வருஷக்கணக்காக இப்படி நின்றிருக்கிறார். முதலாளிக்குத் தன் ஓட்டுநர்மேல் என்ன கரிசனம் என்று ஊர் மெச்சியது.

காலம் போனது. சுதந்திரம் வரும் என்றார்கள், வேண்டாம் என்றும் பாதிப் பேர் சொன்னார்கள். 1965இல் கலவரம் என்று அவசரநிலை போட்டார்கள். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1968 மார்ச்சில் கொடி ஏறும் என்று நாள் குறித்தபிறகு, ஜனவரியில் போர்ட் லூயியில் கிரியோல்காரர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சண்டை வெடித்தது. வீடுகள் எரிந்தன. ஆங்கிலேயச் சிப்பாய்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். மருதை மூன்று பஸ்களையும் கொல்லையில் நிறுத்திப் பூட்டினார்.

க்ளெமான் அப்போது போர்ட் லூயி ஓரத்தில் மகள் பிரிஜித் வீட்டில் இருந்தான். மனைவி மொனிக் இறந்தபிறகு அங்கே போய்விட்டான். வயது அறுபதை நெருங்கியும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தவன், கலவரம் தொடங்கிய நாளிலிருந்து வரவில்லை. நான்காம் நாள் மத்தியானம், பஸ் ஓட்டுகிற ஒரு கிழவனை வாய்க்காலில் பிணமாக எடுத்தார்களாம் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

மருதை அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயோ பாவம் என்றார் பூங்காவனம் அத்தை. மருதை தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அத்தை போட்டார். இரண்டு வாய் சாப்பிட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது. பல வருஷமாக அவர் இரண்டாம் முறை சோறு கேட்டதேயில்லை. அவருக்குப் பசித்தது. க்ளெமான் போய்விட்டான், இனி யாருக்கும் தெரியாது என்று உள்ளே ஏதோ ஒன்று சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு வந்த பயம் 1937இல்கூட வந்ததில்லை என்றார். போலீசுக்குப் பயந்தது, ஊருக்குப் பயந்தது எல்லாம் வேறு. இது தன்னைக் கண்டே வந்த பயம்.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கொல்லைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” அத்தை பின்னால் ஓடினார். “அங்க பஸ்ஸைக் கொளுத்துறாங்க. உங்களுக்குக் கண்ணும் சரியில்ல.”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு, பூங்காவனம்,” என்றார் அவர். “எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

முப்பது வருஷம் கழித்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். தேர் ரூஜ் சந்திப்பில் சிப்பாய்கள் மறித்தார்கள். வெயிலில் முகம் சிவந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் துப்பாக்கியால் பஸ்ஸின் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். அந்தச் சத்தத்துக்கு மருதைக்கு வேட்டி நனைந்துவிட்டது. அப்படியே ஓட்டினார். சாலையில் மெத்தைகள் கிடந்தன, பாதி எரிந்த தையல் மெஷின் ஒன்று கிடந்தது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். யார் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரியவில்லை. தெரியாததால் எல்லாரையும் பார்த்துப் பயந்தார். க்ளெமான் இருந்த தெருவில் வீடு இல்லை. கரி மட்டும் இருந்தது.

ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் அகதிகளைத் தங்கவைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அங்கே போனார். வாதாம் மரத்தடியில் தலையில் துணிக்கட்டோடு க்ளெமான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பிரிஜித் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்களா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?” என்றான்.

“ஆமா.” மருதை அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “நீ செத்துட்டேன்னு சொன்னாங்க.”

“ஒரு கல்லு பட்டுச்சு. அவ்வளவுதான்.”

“எனக்கு நிம்மதியா இருந்துச்சு, க்ளெமான். நீ செத்துட்டேன்னு கேட்டதும்.”

க்ளெமான் தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “அது எனக்குத் தெரியும், பத்ரோன். முப்பது வருஷமா நீங்க என்னைப் பார்க்குறப்பெல்லாம் உங்க முகத்துல அது இருக்கு.”

“அப்புறம் ஏன் என்கிட்டயே வேலை பார்த்தே? ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யார்கிட்ட சொல்றது? பொன்னம்மாகிட்டயா? புருஷன் போன அன்னைக்கு நல்லது செய்ய ஒருத்தன் வந்தான்னு அவ நம்பிட்டிருக்கா. அவகிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நான் போய்ப் பிடுங்கணுமா?” தூங்கும் மகளைப் பார்த்துவிட்டு, “உங்களுக்காக இல்ல,” என்றான்.

அன்று பஸ்ஸில் வந்தது க்ளெமானும் பிரிஜித்தும் மட்டுமல்ல. கதவு திறந்திருப்பதைப் பார்த்து, எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் பதினொரு பேர் ஏறிக்கொண்டார்கள். எல்லாரையும் மருதை தன் கொல்லைக்குக் கொண்டுவந்தார்.

செய்தி ஊரில் பரவியது. அரிசி, பாய், துணி என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலை அம்மா ஒரு கூடை கீரையோடு போய் அங்கேயே உட்கார்ந்து ஆய ஆரம்பித்தாள். வந்தவர்களிடமெல்லாம், “அன்னைக்கு என் புருஷனை ஏத்தினார். இன்னைக்கு இவங்களை ஏத்தியிருக்கார். அண்ணன் மாறவே இல்ல,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருதை அதைத் தவித்துக்கொண்டே கேட்டார். இரண்டாம் தடவை அவள் அதைச் சொல்லி, கேட்டவர்கள் நகர்ந்ததும், அவளுக்கு எதிரில் வந்து நின்றார்.

“பொன்னம்மா, அன்னைக்கு அந்தப் போலீஸைக் கொண்டுவந்து இறக்கினது நான்தான்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் மறுபடி சொன்னார். முதல் ட்ரிப் இல்லை, பங்களாவுக்குப் பின்னால் நின்றேன், அங்கிருந்துதான் வந்தேன் என்றார்.

“துப்பாக்கி இருந்தது தெரியுமா?”

“எண்ணினேன்.”

அம்மா கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். “பாலத்துக்கிட்ட அவர் தண்ணி கேட்டாரே. குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுதானே நிறுத்தல?”

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. “பாலத்துல போலீஸ் காவல் இருந்துச்சு,” என்றார். “நிறுத்தினா, எங்க ஆளுங்களை இறக்கிட்டியான்னு உங்க முன்னாடியே கேட்டுடுவாங்களோன்னு பயந்தேன். தண்ணி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அம்மா எழுந்தாள். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. கூடையைத் தலையில் வைத்து மூன்று மைல் நடந்து தேர் ரூஜுக்குப் போய், அங்கே வேறு பஸ் பிடித்தாள். ஏனம்மா என்று கேட்டால், “நடக்கணும் போல இருக்கு,” என்பாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மருதை தைப்பூசக் காவடிக்கு முன் கமிட்டியைக் கூட்டித் தானே எல்லாவற்றையும் சொல்லி, விலகிக்கொள்கிறேன் என்றார். காரியதரிசி அப்பாசாமி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “முப்பது வருஷம் முன்னாடி நடந்தது. அடுத்த மாசம் சுதந்திரம். நம்ம ஆளு ஒருத்தரே போலீஸைக் கூட்டிட்டுப் போனார்னு இப்ப வெளிய தெரியணுமா? இந்தப் பேச்சு இந்த அறையோட நிக்கட்டும்,” என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். விலகலை ஏற்கவில்லை. இத்தனை நாள் தன்னிடம் மட்டும் இருந்த பயம் இப்போது அந்த அறையில் ஆளுக்குக் கொஞ்சம் இருந்ததை மருதை பார்த்தார்.

மார்ச் 12ஆம் தேதி அவருடைய மூன்று பஸ்களும் நான்கு வண்ணக் கொடி கட்டிக்கொண்டு ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஷாம் த மார்ஸ் மைதானத்துக்குப் போயின. முன் வண்டியில் உட்காருங்கள் என்று கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். மத்தியானம் பன்னிரண்டுக்கு ரேடியோவில் கொடி ஏறுவதைக் கேட்டார். தெருவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், பொன்னம்மா ஊரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன், அவள் பேசாமலிருந்ததுதான் என்னைத் தின்றது என்று பிறகு சொன்னார்.

ஏப்ரலில் வருஷப் பிறப்பு வந்தது. அந்த வருஷம் அம்மா தட்டில் பலகாரம் வைக்கவில்லை. வெறுங்கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். மருதை மாமா கொல்லைக்குப் போகவில்லை. முன்கூடத்தில் எழுந்து நின்றார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

“இவ தகப்பன் முகம் பார்க்காதவ. நான் சொன்ன கதையைத்தான் கேட்டு வளர்ந்தா. அது தப்பான கதை. நீங்க சொல்லுங்க. அதிகாரி வந்த சாயங்காலத்துலேர்ந்து சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க.”

அவர் சொன்னார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார். டிசம்பர் லைசென்ஸ், பதினொரு துப்பாக்கி, சர்க்கரை அதிகமான டீ, சாராயக் கடை மரத்தடி, அந்த இரண்டாம் முறை சோறு எல்லாம் சொன்னார். அத்தை சமையலறை வாசலில் நின்று முதன்முறையாக அதைக் கேட்டார். இடையில் ஒரு இடத்தில் உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முழங்காலையும் இறுகப் பிடித்திருந்தன. எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் அதோடு வேறு ஏதேதோவும் சேர்ந்து வந்தது.

முடித்தபோது நாலு மணி இருக்கும். “மன்னிச்சிடு” என்று அவர் கேட்கவில்லை. “நாளைக்கு மார்க்கெட் இருக்கு,” என்று அம்மா எழுந்தாள்.

அம்மா கடைசிவரை அந்த பஸ்ஸில் ஏறவில்லை. சாலையில் அவள் நடந்துபோகும்போது க்ளெமான் வேகத்தைக் குறைப்பான்; அவள் கையை வீசிப் போகச் சொல்வாள். நான் ஏறினேன். என் பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியில் வேறு பஸ் கிடையாது. சில நாள் காலையில் மருதை மாமாவே ஸ்டியரிங்கில் இருப்பார். நான் ஏறும்போது எழுந்து நிற்க முயல்வார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்காருவேன்.